சிவப்புப் பொத்தான் இல்லாத ஞாயிற்றுக்கிழமை

ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பதினொன்றரை மணிக்கு உலகம் அழியத் தொடங்கும். பதினொன்று ஐம்பத்தெட்டுக்குக் காப்பாற்றப்பட்டுவிடும். அதற்குள் அடுப்பில் குக்கர் நாலு விசில் அடித்திருக்கும். ஜனங்கள் டிவியை அணைத்துவிட்டுக் கறிக்குழம்பு சாப்பிட உட்காருவார்கள்.

இப்படியே பத்தொன்பது வருஷம் நடந்தது. தொடரின் பெயர் 'எட்டாம் கோள்'. போரூருக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகையில் படம் பிடித்தார்கள். அண்டவெளி என்றால் கறுப்புத் துணி. நட்சத்திரம் என்றால் அந்தத் துணியில் எலி கடித்த ஓட்டை, பின்னால் ஒரு பல்பு. எலிகள் அந்த வேலையை இலவசமாகவே செய்து கொடுத்தன.

கொட்டகையின் மேல் அலமாரியில் நாலு பேர் குடியிருந்தார்கள்.

முதலாவது ஒளித்துப்பாக்கி. பிளாஸ்டிக் குழாய்க்குள் மூன்று செல் டார்ச்சைச் செருகி வெள்ளிப் பெயின்ட் அடித்தது. நாயகன் கேப்டன் இளம்பரிதியின் இடுப்பில் தொங்கும். அதன் படம் பள்ளிக்கூடப் பைகளில் இருந்தது. பிறந்தநாள் கேக்கில்கூட அதை கிரீமால் வரைந்தார்கள். அந்தப் பெருமை அதன் குழாய் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது முகமூடி. வில்லன்கள் வாரத்துக்கு ஒருவராக வந்தார்கள்: சனிக்கோள் சர்வாதிகாரி, அமிலராஜன், டாக்டர் கும்மிருட்டு. ஆனால் முகமூடி ஒன்றுதான். ஒவ்வொரு வாரமும் அதன்மேல் புது நிறம் அடித்து, கொம்பையோ கோரைப்பல்லையோ ஒட்டிவிடுவார்கள். பழைய பெயின்டைச் சுரண்டுகிற வழக்கம் கிடையாது. தொள்ளாயிரத்துச் சொச்சம் வில்லன்கள் பூச்சுப் பூச்சாக அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். தூக்கினால் கை வலிக்கும்.

மூன்றாவது கடிகாரம். தகடுகள் டப் டப்பென்று புரண்டு அறுபதிலிருந்து கீழே எண்ணும்.

நாலாவது சிவப்புப் பொத்தான். ஏதோ ஒரு வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டரிலிருந்து கழன்று வந்தது. அதன் அண்ணன் பச்சைப் பொத்தான் வழியிலேயே தொலைந்துவிட்டான்.

ஜெயிக்கிற விதம் எல்லா வாரமும் ஒன்றே. வில்லன் உலகத்தை அழிக்கும் எந்திரத்தை முடுக்குவான். கடிகாரம் எண்ணும். வில்லன் நின்று சிரிப்பான், பேசுவான், மறுபடியும் சிரிப்பான். கேப்டன் பாய்ந்து வந்து துப்பாக்கியால் சுடுவான். வில்லன் விழுவான். ஆனாலும் எந்திரம் நிற்காது. மூன்று, இரண்டு... கேப்டன் எந்திரத்தின் நெற்றியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்துவான். ஒன்றில் நிற்கும்.

பார்ப்பவர்கள் துப்பாக்கிக்குக் கை தட்டுவார்கள்.

எந்திரங்களைச் செய்பவர் அருள்தாஸ். பெயின்டில் கலக்கும் தின்னர் நெடி தாங்காது என்று அந்த முகமூடியையே மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் அவர் கை தானாகச் சிவப்புப் பொத்தானைத் தேடிப்போகும். "இது எதுக்குண்ணே?" என்று யாராவது கேட்டால், "தெரியலப்பா, இது இல்லேன்னா மனசுக்கு ஒப்பலை" என்பார். கடிகாரத்துக்குப் போகும் ஒயரை அந்தப் பொத்தான் வழியாகத்தான் இழுப்பார்.

பத்தொன்பதாம் வருஷம் ஒரு கடிதம் வந்தது. உடுமலைப்பேட்டையிலிருந்து கமலவேணி என்ற அம்மாள் எழுதியது. தொடரின் கதாசிரியர் தணிகாசலம் அதை அலமாரிக்குக் கீழே நின்று சத்தமாகப் படித்தார்.

"ஐயா, எங்கள் வீட்டு மோட்டாருக்கு நிறுத்துகிற பொத்தான் ஆறு மாதமாக வேலை செய்யவில்லை. தொட்டி வழிந்து மாடிப்படியில் அருவி கொட்டுகிறது. ஆனால் உலகத்தை அழிக்க வருகிறவன் மட்டும் தவறாமல் ஒரு நிறுத்தும் பொத்தான் வைத்துவிடுகிறானே, அது ஏன்?"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. அலமாரியில் துப்பாக்கி மட்டும் கொதித்தது.

"கேட்டீங்களா! உடுமலைப்பேட்டை வரைக்கும் என் மானம் போயிடுச்சு. சுடறது நான், எதிரி விழறது என்னால. கடைசியில இந்த மோட்டார் பொடியனை அமுக்கித்தான் உலகம் பிழைக்குதாம்!"

"நானா கேட்டேன்?" என்றது பொத்தான். "எனக்கே அவமானமா இருக்கு. முகமூடி அண்ணன் எந்திரத்துலதான் நான் இருக்கேன். வாரா வாரம் அவருக்கே துரோகம் பண்றேன். அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே."

"விடுறா" என்றது முகமூடி. "நீ உன் வேலையைப் பாக்கறே."

"யோவ் முகமூடி, எதுக்குய்யா இவனை வைக்கிறே? தோத்துத் தோத்து மூளையும் போச்சா?" என்று சீறியது துப்பாக்கி.

"போகட்டும் தம்பி. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. அவனை மட்டும் எடுத்துறாதே. எடுத்தா நிறுத்த ஆளில்லை."

"நான் இருக்கேன்ல?"

"நீ சுடுவே. நான் விழுவேன். அது வேற, எந்திரம் நிக்கிறது வேற."

"பயம் வந்துடுச்சு பார் இவருக்கு!" என்று துப்பாக்கி கடிகாரத்திடம் சொன்னது.

"என்னை இழுக்காதே" என்றது கடிகாரம். "எனக்கு எண்ணத் தெரியும். நிக்கத் தெரியாது. இதுவரைக்கும் நானா நின்னதில்லை, அவன்தான் நிறுத்துவான்."

துப்பாக்கி கேட்கவில்லை. தணிகாசலத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கதை வராதபோது கையில் கிடைத்த அந்தத் துப்பாக்கியின் குழாயைச் சட்டைக்குள் விட்டு முதுகைச் சொறிவார். சொறியும்போது கண் மூடிக்கொள்ளும், வாய் லேசாகத் திறந்துகொள்ளும். அந்த நிலையில் ஒரு மனுஷனுக்கு யார் என்ன சொன்னாலும் முதுகுத்தண்டு வழியாக மண்டைக்கு ஏறிவிடும். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் வீட்டிலேயே ஒரு குழாயை வைத்துச் சொறிந்து பார்க்கலாம்.

"பொத்தான் வேண்டாம்" என்றது துப்பாக்கி, விலாவுக்கு விலா இறங்கியபடி. "ஒரே சூடு. எந்திரம் நிக்கணும். அதுதான் வெற்றி."

தணிகாசலம் கண்ணைத் திறந்தார். "அருள்தாஸ்! அந்தம்மா கேட்டது நியாயம்தானய்யா. இந்த வாரம் பொத்தான் கிடையாது. கேப்டன் எந்திரத்தைச் சுடறாரு, எந்திரம் நிக்குது. முடிஞ்சுது."

அந்த வாரம் சாதாரண வாரம் இல்லை. தொடருக்குப் பத்தொன்பது வயது நிறைகிறது என்று சேனல்காரர்கள் கொட்டகையிலிருந்தே நேரலையாக ஒளிபரப்ப ஏற்பாடு செய்திருந்தார்கள். வாசலில் வாழைமரம்கூடக் கட்டியிருந்தார்கள்.

அருள்தாஸ் முகமூடியை மாட்டிக்கொண்டு எந்திரத்தைச் செய்தார். பழைய ஏர் கூலரின் கூடு, நாலு சைக்கிள் விளக்கு, நடுவில் கடிகாரம். வேலை முடிந்ததும் அவர் கை வழக்கம்போலப் பொத்தானை நோக்கிப் போனது.

"கதையைப் படிச்சீங்களா இல்லையா?" என்று தணிகாசலம் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"இல்ல சார்... மனசுக்கு ஒப்பலை."

"மனசை அப்புறம் பாத்துக்கலாம். ஒயரை நேரா முறுக்கி விடுங்க."

முகமூடி உள்ளிருந்து கத்தியது. "வைங்க அருள்தாஸ்! என் பேச்சைக் கேளுங்க, வைங்க!" அருள்தாஸுக்குக் காதில் ஏதோ குடைந்தது. பெயின்ட் உள்ளே போய்விட்டதென்று நினைத்து, முகமூடியைக் கழற்றிவிட்டுக் காதைத் துடைத்துக்கொண்டார். ஒயரை நேராக முறுக்கினார். பொத்தானை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். பிளக்கைச் செருகி, அதன்மேல் பிளைவுட் சுவரை வைத்து ஆணி அடித்தார்.

எல்லோரும் ஒரு சின்ன விஷயத்தை மறந்தார்கள். பத்தொன்பது வருஷமாக எந்திரத்தை நிறுத்தியது கேப்டனின் கை. இந்த வாரம் நிறுத்தப் போவது யார் என்று கதையில் எழுதியிருக்கவில்லை. 'எந்திரம் நிற்கிறது' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்திரம் அதைப் படிக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போல.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை. உலகம் அழியத் தொடங்கியது.

முகமூடி அன்றைக்குச் சிரிக்கவேயில்லை. உள்ளே இருந்த நடிகர் சிரித்தார், முகமூடி வாயைத் திறக்காமல் நின்றது. கேப்டன் இளம்பரிதியாக நடித்த சௌந்தரபாண்டி, மூட்டுவலிப் பட்டையை இறுக்கிக்கொண்டு பாய்ந்தார். சுட்டார். வில்லன் விழுந்தான். தரையில் மோதியதில் முகமூடியின் நெற்றி விரிசல் விட்டது.

கடிகாரம் பத்தைக் காட்டியது.

கேப்டன் எந்திரத்தின் பக்கம் திரும்பினார். துப்பாக்கி தன் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த நொடி அது. மூன்று செல்லையும் வற்ற உறிஞ்சிச் சுட்டது. கூலர் கூட்டின்மேல் வட்டமாக ஒரு மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. கரண்ட் போனால் அடுக்களையில் டப்பா தேடும்போது சுவரில் விழுமே, அதே வெளிச்சம்.

ஏழு. ஆறு.

"நில்லு!" என்றது துப்பாக்கி.

"எனக்குத் தெரியாதே!" என்றது கடிகாரம். "எப்படி நிக்கணும்? யாராவது சொல்லுங்க!"

"தம்பி, அவனைக் கூப்பிடு!" என்று தரையிலிருந்து முகமூடி கத்தியது. "அந்தப் பொடியனைக் கூப்பிடு!"

பிஸ்கட் டப்பாவுக்குள் பொத்தான் தகரத்தில் முட்டி முட்டிச் சத்தம் போட்டது. அருள்தாஸ் சுவருக்குப் பின்னால் ஓடி, ஆணிகளை நகத்தால் பிடுங்கினார். சௌந்தரபாண்டியின் கை எந்திரத்தின் நெற்றியில் பொத்தான் இருந்த இடத்தைத் தேடித் தடவியது. பத்தொன்பது வருஷப் பழக்கம், தானாகப் போய்விட்டது. அங்கே வெறும் தகரம்.

இரண்டு. ஒன்று.

கடிகாரம் ஒன்றைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. மற்றத் தகடெல்லாம் படப்பிடிப்பு விளக்கில் மஞ்சளடித்திருக்க, பூஜ்யத் தகடு மட்டும் வெளிச்சமே படாமல் புத்தம்புதிதாக இருந்தது. டப்பென்று புரண்டு விழுந்தது. நாட்டில் டிவி இருந்த வீட்டிலெல்லாம் அந்த வெள்ளைச் சுழி தெரிந்தது.

அதே நேரம் அருள்தாஸின் விரல் பிளக்கை எட்டியது. பிடுங்கினார். அதே பிளக்கில்தான் அத்தனை விளக்கும் இருந்தன. திரை இருண்டது.

பிறகு சேனலின் மேலாளர் இருட்டில் கேட்டார்: "என்ன, உலகம் அழிஞ்சுடுச்சா?"

"அழிஞ்சுடுச்சு சார்" என்றார் தணிகாசலம், முதுகைச் சொறியக்கூடத் தெம்பில்லாமல்.

"சரி, அப்ப 'முற்றும்'னு போட்டுருங்க. அந்த நேரத்துக்கு ஒரு சமையல் நிகழ்ச்சி ரொம்ப நாளாக் காத்திருக்கு."

அவ்வளவுதான். வெளியிலிருந்து எத்தனை படை வந்தும் அழியாத உலகம், உள்ளே ஒரு பொத்தானைக் கழற்றியதில் முடிந்தது.

கொட்டகையைக் காலி செய்தார்கள். கடிகாரத்தை யாரோ எடுத்துப்போனார்கள். அது போன இடத்தில் எதுவும் எண்ணாமல் சும்மா இருக்கிறதாம். அருள்தாஸ் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்து வெகுநேரம் நின்றார். பிறகு அந்த அம்மாளின் கடிதத்தில் இருந்த முகவரிக்குப் பொத்தானைப் பார்சல் பண்ணிவிட்டார். இப்போது அது உடுமலைப்பேட்டையில் ஒரு மோட்டாரில் இருக்கிறது. தினமும் காலையில் தொட்டி நிரம்பும் நேரத்துக்குக் கமலவேணி அம்மாள் ஓடிவந்து அழுத்துவார். தண்ணீர் வழியாமல் நின்றுவிடும். யாரும் கை தட்டுவதில்லை. மாடிப்படி காய்ந்திருக்கிறது.

துப்பாக்கியும் முகமூடியும் ஒரே சாக்கில், பழைய சாமான்காரனுக்காகக் கொட்டகை வாசலில் காத்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை. காய்ந்துபோன வாழைமரம் இன்னும் சாய்ந்து நின்றது. பக்கத்து வீட்டில் குக்கர் நாலாவது விசிலும் அடித்து ஓய்ந்தது.

"அண்ணே" என்றது துப்பாக்கி. பத்தொன்பது வருஷத்தில் அது முகமூடியை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சொல்லு தம்பி."

"அருள்தாஸ் காதுல சொல்லி, வாரா வாரம் பொத்தானை வைக்க வச்சது நீங்கதானே?"

"ஆமா."

"அப்ப நான் ஒரு தடவைகூட ஜெயிக்கலையா?"

முகமூடியின் நெற்றி விரிசலிலிருந்து பச்சைச் சில்லு ஒன்று உதிர்ந்தது. அதன் கீழே நீலம், அதன் கீழே சாம்பல், அதன் கீழே எந்த வாரத்து வில்லனோ, இளஞ்சிவப்பு.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணே. நான் கேட்டிருப்பேன்."

"கேட்டிருக்க மாட்டே தம்பி. ஊரே உனக்குக் கை தட்டிக்கிட்டு இருந்துச்சு."

தெருமுனையில் சாமான்காரனின் மணி கேட்டது. நேரம் கொஞ்சம்தான் இருந்தது. துப்பாக்கி ரொம்ப நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டது.

"உலகத்தை அழிக்கணும்னு வந்தவர் நீங்க. உங்களுக்கு எதுக்குண்ணே அந்தப் பொத்தான்?"

முகமூடி சாக்கின் ஓட்டை வழியாக வெளியே பார்த்தது.

"கோபத்துலதான் வந்தேன், இல்லேங்கலை. ஆனா நானும் அந்த உலகத்துலதானே தம்பி குடியிருந்தேன்?"