யமுனா மூக்குல முளைச்சது

ஒரு ஊர்ல ஒரு மூக்கு இருந்துச்சாம். நாலு வயசு மூக்கு. யமுனான்னு ஒரு பொண்ணோட மூக்கு. ம் சொல்லு.

"ம்."

அதுக்கு ரெண்டு வாசல், நடுவுல ஒரு சுவரு. வாசல்ல முடிதான் காவல், தூசிய உள்ள விடாது. அப்புறம் கன்னத்து எலும்புக்குள்ள காத்து மட்டும் குடியிருக்கிற சின்னச் சின்ன அறை. யமுனாவோட அம்மா வைஜயந்தி கான்வென்ட்ல இதையெல்லாம் படம் வரைஞ்சு பாகம் குறிச்சவ. ஆனா பெத்த பொண்ணு மூக்கு சொர்ர்ர், சொர்ர்ர்னு ஒழுகினதும் அவளுக்குக் கைகால் ஓடல.

"தலையில நீர் கோத்திருக்கு, மஞ்சப் பத்து போடு"ன்னாங்க பக்கத்து வீட்டு மல்லிகாக்கா. போட்டா. நிக்கல. அப்புறம் தலைக்கு ஊத்தி சாம்பிராணி காட்டினா. அச்சூ, அச்சூ. அப்பவும் நிக்கல.

நாலாம் நாள் யமுனா மடியில வந்து உக்காந்தா. அப்போ குப்புன்னு ஒரு நாத்தம். வைஜயந்தி டார்ச் அடிச்சுப் பார்த்தா. வலது மூக்குக்குள்ள, வெள்ளையா, புழு மாதிரி வளைஞ்சு ஒண்ணு.

டார்ச் டொப்புன்னு கீழ விழுந்துச்சு.

"...ம்?"

பயப்படாதே, கையக் கொடு. வைஜயந்தி காது குடையுற பட்ஸை எடுத்து மூக்குக்குள்ள விட்டா. அந்த வெள்ளை வெளிய வரல, இன்னும் உள்ள போச்சு. பட்ஸ் நுனியில ரத்தம். அப்படியே பிள்ளையத் தூக்கிட்டு ஓடினா.

டாக்டரம்மா பேரு ஃபரீதா. "ரெண்டு பக்கமும் ஒழுகுதா?"

"வலது பக்கம் மட்டும்தான் டாக்டர்."

"சளின்னா பொதுவா ரெண்டு பக்கமும் வரும்மா. ஒரே பக்கம் ஒழுகி நாறுதுன்னா உள்ள ஏதோ மாட்டியிருக்கு. குச்சி கிச்சி விட்டீங்களா?"

"காது பட்ஸ் மட்டும்தான் டாக்டர்."

"நல்லாப் படிச்சவங்க. அது பின்னால நழுவி மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தா?"

டாக்டரம்மா யமுனா மூக்குல சொட்டு மருந்து விட்டாங்க. "இப்போ பாப்பா வாய் மேல உங்க வாய வைங்க. இடது மூக்கை நான் அமுக்கிக்கிறேன். ஒரே ஊது."

"நானா?"

"நான் ஊதினா கடிச்சிருவா."

ஃபூ. ஒண்ணும் வரல. மறுபடி ஃபூ. யமுனா கிளுகிளுன்னு சிரிச்சா, அதுவும் வீணாச்சு. மூணாவது வாட்டி, உடம்புல இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, ஃபூ.

பொளக்.

மேஜை மேல வந்து விழுந்தது ஒரு கறுப்புக் கொண்டைக்கடலை. ஊறிப் பருத்து, வெள்ளையா முளை விட்டிருந்துச்சு.

"இது எப்படிடி உள்ள போச்சு?"

"நான்தான் வச்சேன்."

"ஏன்டி?"

"சாமிக்குச் சுண்டல் பண்ண ஊறவச்சது, வாயில வைக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே? அதான் மூக்குல வச்சேன்."

வைஜயந்திக்கு அழவும் வரல, சிரிக்கவும் வரல. பஸ்ல வீடு வர்ற வரைக்கும் ஒவ்வொண்ணாச் சொல்லிக் கொடுத்தா. "வாயில வைக்கக் கூடாது. மூக்குல வைக்கக் கூடாது. காதுல வைக்கக் கூடாது."

யமுனா நல்ல பிள்ளையாத் தலையாட்டினா. அப்புறம் கேட்டா, "தொப்புள்ள?"

கடலை வெளிய, காத்து உள்ள. கதை கரைஞ்சுது, கண்ணை மூடு.