பனிக்கும்பியும் சிவப்புக் கோட்டும்

கனகேஸ்வரி அந்தப் பனிக்காலம் குளிரில நடுங்கினதைவிட, மச்சாள் பவளராணியை நினைச்சு எரிஞ்சதுதான் கூட.

கனடாவில, ஸ்காபரோவில ஒரே வீடு, ஒரே கார், அதை ஓடப் பழகிற பொம்பிளையள் ரெண்டு பேர். வெள்ளிக்கிழமையில மாமியைக் கோயிலுக்கு ஏத்திக்கொண்டு போறது ஆர்? "மாஸ்டர் ஆரைச் சொல்லுறாரோ அவவின்ர கையில கார்த் திறப்பு" எண்டு கனகத்தின்ர மனுசன் சொல்லிப்போட்டார்.

மாஸ்டர் எண்டா, கார் பழக்கிற அருளம்பலம் மாஸ்டர். ஊரில பஸ் ஓடினவர். ஒருக்கா ரோட்டில மாடு குறுக்க படுக்க, ஹோர்ன் அடிக்காமல் இறங்கிப் போய் அதோட கதைச்சுப்போட்டு வந்தவராம். மாடும் எழும்பிப் போச்சுதாம். என்ன கதைச்சவர் எண்டு இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அது கிடக்கட்டும்.

அண்டைக்கு மழை பெய்து உறைஞ்சு, நிலம் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. பூட்டிக் கிடந்த ஒரு பெரிய கடையின்ர பார்க்கிங்குக்கு ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவு வெளியிலயும் வழிச்சுக் குவிச்ச ஒரேயொரு பனிக்கும்பிதான். அதுக்குப் பின்னால ஒரு கோப்பிக்கடை.

"சறுக்கினா பதறிப் பிரேக்கை மிதிக்காதேங்கோ. போகவேண்டிய பக்கத்தைப் பாருங்கோ. கண் போற பக்கம்தான் கை போகும்."

முதல் பவளம் ஓடினா. கார் கொஞ்சம் வழுக்கி, பிறகு பூனை மாதிரி நேராய் வந்து நிண்டுது.

"ம். நல்லது" எண்டார் மாஸ்டர்.

கனகத்துக்கு அவர் ஒருநாளும் சொல்லாத சொல்லு.

பவளம் கோப்பிக்கடைக்குள்ள போய்க் கண்ணாடியோரம் இருந்தா, சிவப்புக் கோட்டோட. அந்தக் கோட்டைக் கடையில முதல் கண்டது கனகம்தான். விலை இன்னும் இறங்கட்டும் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டா. அடுத்த கிழமை பவளம் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ள வாறா.

கனகம் ஓடினா. கார் சறுக்கிப் போய்ப் பனிக்கும்பியில மூக்கைக் குத்திச்சுது. கண்ணாடிக்கு அங்கால இருந்து பவளம் கை காட்டினா.

திரும்ப ஓடினா. திரும்பவும் அதே கும்பி.

"மாஸ்டர், டயர் சரியில்லைப் போல."

"அவ ஓடினதும் இதே டயரிலதான், பிள்ளை."

"அப்ப அவ அங்க இருந்து பல்லைக் காட்டிறதாலைதான். அவ இல்லாட்டி நான் வடிவாய் ஓடுவன்."

மாஸ்டர் இறங்கி, மெல்ல மெல்லக் கால் வைச்சு நடந்து போய், பவளத்திட்டை ஏதோ சொன்னார். அவ கோப்பையோட எழும்பிப் போய் பஸ் ஏறினா.

"இப்ப ஓடுங்கோ."

கனகம் கோப்பிக்கடையைப் பார்த்தா. வெறுங்கதிரை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சா. கார் சறுக்கிச்சுது. இவ்வளவு வெளி கிடக்க, போய் அதே கும்பியில ஏறி நிண்டுது.

வைப்பர் மட்டும் இழுபட்டுது.

"அப்ப திறப்பு அவவுக்குத்தானே, மாஸ்டர்?"

மாஸ்டர் எட்டி எஞ்சினை நிப்பாட்டி, திறப்பை இழுத்து கனகத்தின்ர உள்ளங்கையில வைச்சார்.

"பவளம் பஸ்ஸில போயிட்டா, உங்கட கண் அந்தக் கதிரையை விட்டுப் போகேல்லை. திறப்பு உங்களிட்டைதான் கிடந்தது, பிள்ளை. காரை ஓடினது அவதான்."