மேடையாகிப்போன நாலு கல்

ஆலங்காட்டில் ஏழு குளங்கள் இருந்தன. குளத்துக்கு ஒருவர் என்று ஆலமரத்தடிச் சபைக்கு ஆள் அனுப்புவது வழக்கம். கோரைக்குளம் அனுப்பியது பாறையன் என்ற ஆமையை.

"மேற்குக் கரையிலே எலி பெரிய வளையா தோண்டி வச்சிருக்கு. நாலு கல்லை வச்சு அடைக்கணும். சபையிலே சொல்லி யானைகளை அனுப்பச் சொல்லு. இல்லேன்னா ஒரு பெருமழைக்குக் கரை தாங்காது!" என்று மீன்கள் கெஞ்சின.

"இதுதானா? போன அன்னைக்கே முடிச்சுட்டு வர்றேன்!" என்றது பாறையன்.

சபையில் பேச எழுபவர், அங்கே இருக்கும் எல்லாரையும் பட்டத்தோடு பெயர் சொல்லி வணங்க வேண்டும். முதல் நாள் பாறையன் நரியாரை மறந்துவிட்டது. "அவமானம்! அவமானம்!" என்று நரிகள் வெளிநடப்புச் செய்தன. மூன்று நாள் சபை முடங்கியது. எலிவளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

சூடு கண்ட பூனையாகிவிட்டது பாறையன். அதன்பின் ஒருவரையும் விடவில்லை. "வெண்கொம்பு வேந்தர் யானையார் அவர்களே! பாய்ச்சல் திலகம் புலியார் அவர்களே! தேனடைச் செம்மல் கரடியார் அவர்களே!" ஆமை வாயில் இத்தனையும் வந்து முடிவதற்குள் மரங்கொத்தி மரத்தைத் தட்டிவிடும். நேரம் முடிந்தது! இப்படியே பன்னிரண்டு வருடம். "பேச்சுன்னா இதுதான் பேச்சு!" என்று சபை மெச்சியது. பாறையனுக்குத்தான் அலுத்துப்போனது.

ஊருக்கே திரும்பி வந்து கோரைக்குளத்துத் தலைவரானது. இனி யாரைக் கேட்க வேண்டும்? தானே யானைகளை அழைத்தது. அவையும் நாலு கல்லோடு வந்து கிழக்குக் கரையில் நின்றன. வந்த விருந்தாளிகளை வரவேற்காமல் விடலாமா? பாறையன் வரவேற்றது. ஒவ்வொரு யானையாக வரவேற்றது. உச்சி வெயில் ஏறியதும் யானைகள் கல்லை அங்கேயே போட்டுவிட்டு, "இன்னொரு நாள் பார்ப்போம்" என்று நடையைக் கட்டின. அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. பதவிக்காலம் முடிந்தது. வளை இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

வயதும் ஆயிற்று. சும்மா இருக்க விட்டார்களா? "அவைப் பேச்சு சொல்லிக் கொடுங்க, ஐயா!" என்று பறவைகள் மொய்த்தன. அந்த நாலு கல்லையே மேடையாக்கி, அதன்மேல் ஏறி நின்று பாடம் நடத்தியது பாறையன். முதல் பாடம், ஒருவர் பெயரையும் விடாதே. இரண்டாம் பாடம், நடுவில் எவன் கத்தினாலும் நிறுத்தாதே. வேறு என்ன தெரியும் அதற்கு? இந்தப் பாடத்தால் ஒரு காரியமும் நடந்ததில்லை என்பது அதற்கும் தெரியும். சொல்லத்தான் தெம்பில்லை.

வகுப்பில் கெட்டிக்காரி அல்லி என்ற நீர்க்கோழி. நாலு குஞ்சுகளுக்குத் தாய். அடுத்த தலைவர் தேர்தலில் நிற்கப்போவது அதுதான்.

ஐப்பசியில் ஆலங்காடு அதுவரை காணாதபடி மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை வெறித்தது. யானை, புலி, கரடி, நரி என்று ஆலமரத்தடிச் சபைப் பெரியவர்கள் எல்லாரும் பாறையனின் பேச்சைக் கேட்கக் கல்மேடை முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அப்போது மேற்குக் கரையிலிருந்து அல்லி ஓடி வந்தது. கால் முழுக்கச் சேறு. மூச்சு வாங்கியது. சபையைப் பார்த்ததும் நின்று, கழுத்தை நிமிர்த்தியது.

"வெண்கொம்பு வேந்தர் யானையார் அவர்களே!"

பாறையன் மேடையிலிருந்து கழுத்தை நீட்டியது. "அல்லி! என்ன ஆச்சு? சொல்லு!"

'நம்மைச் சோதிக்கிறார்' என்று நினைத்துக்கொண்டது அல்லி. "பாய்ச்சல் திலகம் புலியார் அவர்களே! தேனடைச் செம்மல் கரடியார் அவர்களே!"

"அதெல்லாம் விடும்மா! கரைக்கு என்ன ஆச்சு?"

"குயிலினத் தலைவர் அவர்களே! காட்டெருமைக் காவலர் அவர்களே!"

"நரியாரை விட்டுட்டியே!" என்று ஒரு நரி எழுந்தது. அல்லி பதறி, முதலிலிருந்து ஆரம்பித்தது.

பாறையன் கல்லிலிருந்து இறங்கி மேற்கே நகர்ந்தது. ஆமை நடை எவ்வளவு தூரம் போகும்? அது பத்து அடி போனபோது அல்லி சொல்லி முடித்தது. "மேற்குக் கரை வளையிலே தண்ணி பீறிட்டு வருது! இப்பவே நாலு கல்லை வச்சா நிக்கும்!"

யானைகள் கல்லைத் தூக்கின. அதற்குள் தொபீரென்று கரை சரிந்தது. குளத்துத் தண்ணீர் முழுவதும் காட்டுக்குள் போனது. சேற்றில் மீன்கள் துடித்தன. தண்ணீர் பீறிட்டதற்கும் கரை சரிந்ததற்கும் நடுவில் ஒரு நாழிகை இருந்தது. அதைத்தான் பெயர் சொல்லியே தீர்த்திருந்தார்கள்.

அல்லி அழுதது. "ஐயா, நான் முறையாத்தானே பேசினேன்?"

பாறையன் சேற்றைப் பார்த்தபடியே சொன்னது.

"ஒரு குறையும் இல்லேம்மா. நான் பேசின மாதிரியே பேசினே."

கரை உடையும் நேரத்தில் சேதியை முதலில் சொல்லுங்கள், வணக்கத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.