இயந்திரத்துக்குக் கட்டிய அறை

“மெஷினே சரியில்லீங்க அம்மணி. திருப்பி அனுப்பிடலாம்.”

கோத்தகிரியிலிருந்து போனில் சொன்னார் சென்னியப்பன்.

மறுமுனையில், கோயம்புத்தூரில், பூங்கோதை. அவளுக்கு முப்பது வயது. அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. வேலை பார்த்த மில் மூடியபின் அவளிடம்தான் இயந்திரம் பொருத்தும் தொழிலைக் கற்றார். அவள் தன்னைக் குரு என்று சொல்லிக்கொண்டதில்லை. அவர் மனசுக்குள் அப்படித்தான் வைத்திருந்தார்.

“என்ன பண்ணுதுங்ணா?”

“நல்லா ஓடுது. தண்ணிதான் சூடாக மாட்டேங்குது.”

கோத்தகிரியில் பக்கவாதம் வந்தவர்களுக்கான இல்லம் ஒன்று இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கிக் கால் பழக்க, சின்னதாக ஒரு நீச்சல் குளம் கட்டியிருந்தார்கள். அதற்கு ஹீட் பம்ப் பொருத்தியவர் சென்னியப்பன். காற்றில் இருக்கிற சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் இயந்திரம். அவர் தனியாகச் செய்த முதல் வேலை.

“எப்பயிருந்து இப்படி?”

“பொருத்துன நாள்லயிருந்தேங்க. ஒரு வாரம் இருக்கும்.”

“ஏனுங்ணா முன்னாடியே கூப்பிடல?”

“நானே சரி பண்ணிடலாம்னு பாத்தேனுங்க.”

“காலைல வர்றேன்,” என்றாள்.

அவள் வந்தபோது குளத்தோரம் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். பெயர் போஜன். மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். வலது கால் விழுந்துவிட்டது. தினமும் காலையில் வருவார், தண்ணீரில் கை வைத்துப் பார்ப்பார், திரும்பிப் போவார்.

“இன்னைக்காவது இறங்க முடியுங்களா?” என்று கேட்டார்.

“பாக்கலாங்க,” என்றாள் பூங்கோதை.

சென்னியப்பன் பக்கத்திலேயே நடந்தார். “கரண்ட் பாத்துட்டேன். மெஷினுக்குள்ள கேஸ் அழுத்தம் பாத்துட்டேன். ஃபில்டர் கழுவியாச்சு. தண்ணி ஓட்டமும் சரி. இந்தக் குளிர்ல அதுக்குச் சூடு எங்கிருந்துங்க கிடைக்கும்?”

“மெஷின் எங்க?”

குளத்துக்குப் பின்னால் ஒரு தகர அறை. நான்கு பக்கமும் அடைப்பு, மேலே கூரை, ஒரு கதவு.

“பனியும் மழையும் படக்கூடாதுன்னு நானே கட்டினேன்,” என்றார்.

அவள் உள்ளே போனாள். அவரையும் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“கேஸ் அழுத்தம் வேணா மறுபடி...”

“பேசாம நில்லுங்ணா.”

நின்றார். கொஞ்ச நேரத்தில் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு பல் கிட்டியது.

“குளுருதுங்களா?”

“நடுங்குதுங்க.”

“வெளிய?”

“வெளிய இவ்வளவு இல்லீங்க.”

அவள் கதவைத் திறந்து வெளியே போய் வெயிலில் நின்றாள்.

சென்னியப்பன் உள்ளேயே இருந்தார். காற்றாடி முன்னால் கையை நீட்டினார். சூட்டை எடுத்துக்கொண்டு இயந்திரம் விட்ட குளிர்காற்று தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. அதையே இயந்திரம் மறுபடி இழுத்துக்கொண்டது.

வெளியே வந்தார்.

“தான் விட்ட மூச்சையே தான் குடிச்சுட்டு இருக்குதுங்க.”

அவள் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து நீட்டினாள்.

தகரங்களை அவரே கழற்றினார். கடைசித் தகரத்தில் கை தயங்கியது.

“பனி படுமேங்க.”

“படட்டுங்ணா. வெளிய நிக்கத்தான் அதைச் செஞ்சிருக்காங்க.”

அன்றிரவு அவள் கோயம்புத்தூர் திரும்பவில்லை. மறுநாள் மதியம் போஜன் தண்ணீரில் கை வைத்தார். கையை எடுக்கவே இல்லை. இரண்டு பணியாளர்கள் அவரை மெல்ல இறக்கினார்கள்.

சென்னியப்பன் பூங்கோதையின் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலீங்க.”

“அவரு கூப்பிடறாரு பாருங்க,” என்றாள்.

போஜன் குளத்துப் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கொஞ்சம் இறங்கி வாங்க. என் வலது கால் அடியில கை வையுங்க. பிரேக் மிதிக்கிற மாதிரி மிதிக்கிறேன். மிதிக்குதா இல்லையான்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது.”

சென்னியப்பன் போட்ட சட்டையோடு இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீர். குனிந்து, அந்தப் பாதத்தின் கீழே உள்ளங்கையை வைத்தார்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு, ஒரு இலை விழுந்ததுபோல, ஏதோ அழுத்தியது.

“மிதிக்குதுங்களா?” என்றார் போஜன்.

“மிதிக்குதுங்க,” என்றார் சென்னியப்பன். “மிதிக்குதுங்க.”