கேமராவில் சிக்கிய மொபெட்

மீன்காரி அந்தோணியம்மாளின் மொபெட் முப்பதைத் தாண்டினாலே முக்கும், முனகும். அது எழுபத்தெட்டில் பறந்ததைக் கேமரா பிடித்துவிட்டதாம். வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. போக்குவரத்து இன்ஸ்பெக்டர் தணிகாசலத்திடம் ஓடினாள்.

அவர் மீசையை நீவினார். “கேமரா பொய் சொல்லாதும்மா. மூணு மாசத்துக்கு உன் லைசென்ஸ் ரத்து.”

“நான் ஓட்டலைன்னா?”

“எவன் ஓட்டினானோ அவனுக்கு ரத்து! என் மாமனாரா இருந்தாலும் விடமாட்டேன்.”

“அதை எழுதிக் குடுங்கய்யா, ஆளைக் காட்டுறேன்.”

கம்பீரமாக எழுதி, சீலும் குத்தினார். தாளை இடுப்பில் சொருகிக்கொண்டவள், “நோட்டீஸ்ல நம்பர் பிளேட் மட்டும்தான் இருக்கு. முழுப் படத்தையும் காட்டுங்கய்யா” என்றாள்.

கம்ப்யூட்டரில் படம் விரிந்தது. நோ பார்க்கிங்கில் நிற்கும் வண்டிகளைத் தூக்கிப்போகும் போலீஸ் லாரி. அதன் முதுகில் அவள் மொபெட். டிரைவர் லீவு போட்ட நாள் அது. ஓட்டியவர் ஜன்னலில் தலையை நீட்டி, பின்னால் வந்தவனை அதட்டிக்கொண்டிருந்தார். மீசை பளிச்சென்று தெரிந்தது.

தணிகாசலம் கையால் மீசையை மூடிக்கொண்டார்.

அந்தோணியம்மாள் கூடையை எடுத்துக்கொண்டாள். “வாங்கய்யா, வீட்டுல விட்டுடுறேன். மூணு மாசத்துக்கு நீங்க ஓட்டக்கூடாதுல்ல? என் வண்டி கொஞ்சம் மெதுவாத்தான் போகும்.”