ஆவுடையப்பனின் ஒன்பது போர்வைகள்

“இந்த ஒம்பதுல எத அனுப்பட்டும் சாமி?”

கேட்டவர் ஆவுடையப்பன். வயது அறுபத்து மூன்று. அவர் சாமி என்று கூப்பிட்ட ஊசிச்சாமிக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது.

சாமி ஊராருக்குத் துணி தைத்துக் கொடுத்து வாழும் மலையடிவாரத்துக் குடிசைக்குள் மார்கழிக் குளிர். தரையில் ஒன்பது ஒட்டுப்போர்வைகள் விரித்துக் கிடந்தன. பழஞ்சேலையைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒட்டி, அடியில் இன்னொரு துணி கொடுத்துக் கையாலேயே தைத்தவை. ஒரு வருட உழைப்பு.

ஊசிச்சாமி யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆவுடையப்பன் முப்பத்தெட்டு வருடம் சர்வேயராக இருந்தவர். மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தபடியே வரைபடத்தை ஒப்பேற்றிய காலத்தில், முள்ளுக்காட்டுக்குள் நடந்துபோய் அளந்தவர். “எடத்துல கால் வைக்காம நான் ஒரு கோடு போட்டதில்ல” என்பதை யாராவது கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

போன மார்கழியில், மனசு சரியில்லை என்று இங்கே வந்தார். சாமி நல்லதாக நாலு வார்த்தை சொல்வார் என்று நினைத்தார்.

சாமி ஓர் ஊசியைக் கொடுத்தார்.

“இத வச்சு என்ன தைக்க?”

“யாருக்குத் தைக்கணுமோ, அவங்களுக்கு ஏத்தத.”

யாருக்கு என்பது ஆவுடையப்பனுக்குத் தெரியும்.

மகள் கோமதி தானாகப் பார்த்து ஒருவனைக் கட்டிக்கொண்ட அன்று, தெருவே கேட்கும்படி “எனக்கு மக கெடையாது” என்று கத்தியவர் அவர். மூன்று வருடம் பேச்சில்லை. பிறகு ஒருநாள் அவளிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. துணியில் சுற்றிய பச்சைப்பிள்ளை. கீழே ‘உங்க பேத்தி’ என்று இரண்டே சொற்கள்.

பதில் போட அவருக்கு விரல் வரவில்லை. நாலு நாள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் சாமியிடம் வந்திருந்தார்.

ஊசியோடு வீட்டுக்குப் போனதும் மனைவியின் சேலைப் பெட்டியைத் திறந்தார். சண்முகவடிவு செத்து ஆறு வருடம். பிள்ளைக்குப் பழஞ்சேலையைப்போல மெத்தென்ற துணி வேறு உண்டா?

“மொதப் போர்வை ஞாபகம் இருக்கா?” என்றார் சாமி.

இல்லாமல் போகுமா? மடியில் போட்டுத் தைத்து முடித்து, பெருமையாக எழுந்தால் போர்வையும் கூடவே எழுந்தது. வேட்டியையும் சேர்த்துத் தைத்திருந்தார். அதை வந்து சொன்னபோது சாமி சிரித்த சிரிப்பு அவர் காதில் இன்னும் இருக்கிறது.

“ரெண்டாவது?”

“சாயம் போச்சு சாமி. வடிவோட சுங்குடிச் சேல. செவப்பு எறங்கி வெள்ளையெல்லாம் ரோஸாயிட்டு.”

“மூணாவது?”

“கட்டத்துக்குக் கட்டம் மூலை சேரல.”

“நாலாவது?”

“அதுவும் மூலைதான். ஒரு நூல் தள்ளிப்போச்சு.”

“யாரு கண்டுபிடிச்சா?”

“நாந்தான். ஸ்கேல் வச்சுப் பாத்தேன்.”

இப்படியே வருடம் ஓடியது. ஒவ்வொன்றிலும் ஒரு குற்றம் கண்டுபிடித்தார், மடித்து வைத்தார், அடுத்த சேலையை வெட்டினார். விரல் நுனியெல்லாம் சல்லடையாகிவிட்டது. பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது.

“ஒம்பதாவதுல என்ன குத்தம்?”

ஆவுடையப்பன் ஒன்பதாவது போர்வையைத் தடவிப் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல சாமி.”

“எப்ப முடிச்சீங்க?”

“ஐப்பசியில.”

சாமி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “ரெண்டு மாசமாச்சு.”

“பெட்டியில வடிவோட கூறச்சேல ஒண்ணுதான் பாக்கி. அத வெட்டிப் பத்தாவதாப் போட்டா இன்னும் எடுப்பா இருக்குமோன்னு…”

சாமி சட்டையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். ஆவுடையப்பன் கூறைச்சேலைப் பேச்சை விட்டுவிட்டார்.

“அவ வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டா நான் என்ன செய்ய சாமி?”

ஒரு வருடமாகத் தொண்டையில் கிடந்தது அந்தக் கேள்விதான்.

ஊசிச்சாமி கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்து, முதல் போர்வையை அளந்தார்.

“முப்பது இன்ச்.”

இரண்டாவதை அளந்தார். “முப்பது.”

மூன்றாவது முப்பது. நாலாவது முப்பது. ஒன்றையும் விடாமல், ஒன்பதாவது வரைக்கும் அளந்தார். எல்லாம் முப்பதுதான்.

“ஒண்ணுகூடப் பிசகாது சாமி,” என்றார் ஆவுடையப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அழுதாலும் சர்வேயர் சர்வேயர்தான்.

“பேத்தி எவ்வளவு உசரம்?”

ஆவுடையப்பன் படத்தை நினைத்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒரு முழம் இருக்கும்.

“இது எப்ப?”

“பொறந்தன்னைக்கு.”

“இப்ப?”

கைகள் அப்படியே நின்றன.

கொஞ்சம் அகட்டினார். இன்னும் கொஞ்சம் அகட்டினார். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. வருடம் ஒன்று முடிந்துவிட்டது. பிள்ளை எழுந்து நிற்குமா? நடக்குமா? எத்தனை பல் முளைத்திருக்கும்? முகம் யாரைக் கொண்டிருக்கும்?

கைகளைக் கீழே போட்டார்.

வெளியே யாரோ விறகு வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு ஆவுடையப்பன் போர்வைகளை ஒவ்வொன்றாக மடித்தார். கோமதியின் ஊருக்குப் பன்னிரண்டு மணிக்கு ஒரு பஸ் உண்டு. இரண்டு மணி நேரப் பயணம். அந்த பஸ் ஒரு வருடமாகத் தினமும் அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“இதுல எத எடுத்துட்டுப் போகட்டும் சாமி?”

ஊசிச்சாமி டேப்பைச் சுருட்டி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“இது போதும்.”