அடிகளுக்கு வைத்த உப்பு

மடத்துக் களஞ்சியத்தில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் உப்பு மூட்டைகள் வந்து சேர்ந்திருந்தன. கொண்டுவந்து அடுக்கியவர் நல்லதம்பி. மேலே கிழிந்த சாக்கைப் போட்டு மூடியிருந்தார். ஒளித்து வைப்பதில் அவருக்குச் சாமர்த்தியம் போதாது. மூட்டைகளைச் சுற்றித் தரை ஈரம் கசிந்து கிடந்தது.

வேதாரண்யம் பக்கத்து உப்பளக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மனைவி இறந்த பிறகு மடத்துக்கு வந்தவர், தலை நரைத்தும் அங்கேயே இருக்கிறார். குரு சிற்றம்பல அடிகள் படுக்கையில் விழுந்ததிலிருந்து நல்லதம்பிக்குச் சோறு இறங்கவில்லை. வைத்தியர் அடிகளின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மருந்து எதுவும் தராமலே போய்விட்டார். அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த மடத்தில் குரு மறைந்தால் எரிப்பதில்லை. குழி வெட்டி, உடம்பைச் சம்மணமிட்டு உட்காரவைத்து, திருநீறும் வில்வமும் கொஞ்சம் உப்பும் போட்டு மூடுவார்கள். நல்லதம்பியின் கணக்கு வேறு. கழுத்துவரை உப்பாகவே நிரப்பிவிட்டால் குரு கெடாமல் அப்படியே இருப்பார். அவர் பிறந்த வீட்டில் உப்புப் பட்ட எதுவும் கெட்டதில்லை. மாங்காய் கெடவில்லை, மீன் கெடவில்லை. குருவையும் கருவாட்டையும் ஒரே கணக்கில் வைக்கிறோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. அவ்வளவு பிரியம் வைத்தவருக்கு அதெல்லாம் தோன்றாது.

அடிகளுக்கு இது எப்படித் தெரிந்ததோ. ஒருநாள் காலையில் தாமே எழுந்து உட்கார்ந்து, நந்தவனத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். நல்லதம்பி தோளில் தாங்கி அழைத்துப்போனார். குருவின் உடம்பு அவ்வளவு லேசாகிவிட்டிருந்தது. அதுவே அவரைக் கலங்கடித்தது.

கிழக்கு மூலையில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்ட அடிகள், எதிரே கிடந்த வெற்றுத் தரையைக் காட்டினார். அங்கே ஒரு நந்தியாவட்டை வைக்கவேண்டும், குழி வெட்டு என்றார்.

நல்லதம்பி தயங்கினார். அது செவலையைப் புதைத்த இடம். கன்றுக்குட்டியாக இருந்தபோதிலிருந்து அவர் கையால் தண்ணீர் காட்டி வளர்த்த பசு. அது செத்தபோது, அழுதுகொண்டே ஒரு வண்டி உப்பைக் கொட்டிப் புதைத்தவரும் அவர்தான். சுற்றிலும் புல் மண்டிக் கிடக்க, அந்த இடத்தில் மட்டும் எதுவும் முளைத்திருக்கவில்லை.

குரு சொல்லை மறுத்து அவருக்குப் பழக்கமில்லை. மண்வெட்டியை எடுத்தார். மண் இறுகி, வெள்ளை பூத்துக் கிடந்தது. அதில் ஒரு புழு இல்லை, எறும்பு இல்லை, வேர் இல்லை. முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி எதன்மேலோ பட்டு நின்றது. குனிந்து கையால் மண்ணை விலக்கினார். விறைத்துப்போன தோல். அதில் செவலையின் மயிர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மூடிடு," என்றார் அடிகள்.

மூடினார். அடுத்து எலுமிச்சை மரத்தடிக்குக் கூட்டிப்போகச் சொல்லி, அங்கேயும் தோண்டச் சொன்னார் அடிகள். இங்கே மண்வெட்டிக்கு வேலையே இல்லை, கையாலேயே அள்ள முடிந்தது. மேலே காய்ந்த சருகு. அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள். அதற்கும் கீழே, எது இலை எது மண் என்று பிரிக்கமுடியாத கறுப்பு. ஒரு மரவட்டை சுருண்டுகொண்டது. மண்புழுக்கள் நெளிந்தன. பூஞ்சை இழைகள் வெள்ளை நூலாக ஓடின. கண்ணுக்குத் தெரியாமல் அங்கே வேலை பார்க்கிற உயிர்கள் இவற்றைவிடப் பல மடங்கு. அவை இருப்பதற்கு அடையாளமாகப் புதுமழை வாசம் மட்டும் மேலே வந்தது.

அவர் கையில் ஒரு எலும்பு தட்டுப்பட்டது. எலுமிச்சை வேர்கள் அதைச் சுற்றி இறுகப் பிடித்திருந்தன.

"இது யாரு சாமி?"

"ஒன் கறுப்பிதான்."

கறுப்பி மடத்தின் இன்னொரு பசு. அது செத்தபோது நல்லதம்பி காசிக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, எங்கே புதைத்தீர்கள் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். அடிகள் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் அங்கேயும் உப்பு மூட்டை வந்து இறங்கியிருக்கும்.

"மத்ததெல்லாம் எங்க சாமி?"

அடிகள் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். நல்லதம்பியும் பார்த்தார். கிளை தாழக் காய்த்திருந்தது. இலை ஓரத்தை ஒரு பச்சைப் புழு கடித்துத் தின்றுகொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு தையல்சிட்டு வந்து, புழுவைக் கொத்திக்கொண்டு பறந்துபோனது.

நல்லதம்பிக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. களஞ்சியத்து மூட்டைகளைப் பற்றித் தாமாகவே சொல்லிவிட்டார். பசு வேறு, குரு வேறு என்று வாதாடினார். உப்பே போடாமல் புதைத்தால் மற்ற மடத்துக்காரர்கள் தம்மைச் சும்மா விடுவார்களா என்றும் கேட்டார். அடிகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அதெல்லாம் வெறும் சாக்கு என்று இருவருக்கும் தெரியும்.

கடைசியில் அவர் மண் அப்பிய கைகளால் குருவின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் காலைப் புழு தின்னும் சாமி. அது தெரிஞ்சுகிட்டே நான் எப்படி மண்ணத் தள்ளுவேன்?"

அடிகளுக்கு மூச்சு வாங்கியது. நல்லதம்பியின் தலையில் கை வைத்தார்.

"நெல்லு, கத்திரிக்கா, கீரைன்னு இந்த மண்ணு போட்டதையெல்லாம் உக்காந்து சாப்பிட்டேனே, அதுங்களுக்காக ஒருநாளாவது அழுதியா?"

நல்லதம்பி குருவின் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார்.

"என் பந்தி முடிஞ்சுபோச்சு நல்லதம்பி. அடுத்த பந்தி காத்துக்கிட்டிருக்கு. என்னைய நீதான் பரிமாறணும்."